பார்வையும் ஓர் அமானிதமே

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே உரித்தானது. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



பெருநாள் தினத்தின் மாலை வேளையைச் சற்று மனக்கண்முன் கொண்டு வாருங்கள். அது கொழும்பு காலிமுகத்திடலாக இருக்கலாம். காத்தான்குடிக் கடற்கரையாக இருக்கலாம். மருதமுனையாகவோ பேருவளையாகவோ இருக்கலாம். அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக மக்கள் கடற்கரைக்கு வருகிறார்கள். சிறுவர்கள் பட்டம் விடுகிறார்கள். இறால் வடை வண்டியைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. உறவினர்கள் வட்டமாக அமர்ந்து சிரித்துப் பேசுகிறார்கள். அந்த வட்டத்திலிருந்து சற்று விலகி, பதினைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பிள்ளை மணலில் தனியே அமர்ந்திருக்கிறது. அது விளையாடவும் இல்லை, பேசவும் இல்லை. போகிற வருகிற அறிமுகமில்லாத மனிதர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது.

நம்மில் அநேகமான குடும்பங்களில் இப்படியொரு பிள்ளை உண்டு. அப்பிள்ளையைப் பற்றி நாம் என்ன பேசிக்கொள்கிறோம்? "இவனுக்குப் பெருமை, யாரோடும் பேசமாட்டான்" என்று ஒரு மாமா கூறுவார். "ஏதும் கண்ணூறு பட்டிருக்குமோ, ஓதிப் பார்த்தால் என்ன?" என்று ஒரு மாமி கேட்பார். "எழுந்து போய்க் காக்காமாரோடு விளையாடு! என்ன வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறாய்?" என்று வாப்பா எல்லோர் முன்னிலையிலும் அதட்டுவார். பிள்ளை எழுந்து செல்லும். ஆனால் அன்றிலிருந்து தான் கண்டது எதனையும் அது வாப்பாவிடம் சொல்லாது.

இன்று நான் பேச விரும்புவது அந்தப் பிள்ளையோடும், அப்பிள்ளையின் பெற்றோரோடும்தான். மௌனமாக இருந்து மனிதர்களை அவதானிக்கும் சுபாவம் ஒரு குறையல்ல. அது அல்லாஹ் ஒப்படைத்த ஓர் அமானிதம். அமானிதத்தைப் பேணினால் அது ஸதகாவாக மாறும். பாழாக்கினால் அதுவே பாவமாகி விடும். இதுவே இவ்வுரையின் கருப்பொருள்.

கண்ணியமிக்க பெற்றோர்களே! அல்லாஹ்வையும் மறுமை நாளையும் நம்பியவர் பேசினால் நல்லதைப் பேச வேண்டும், இல்லாவிடின் மௌனம் காக்க வேண்டும் என்ற நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நபி (ஸல்) அவர்கள் நீண்ட மௌனம் உடையவர்களாகவும், குறைவாகச் சிரிப்பவர்களாகவும் இருந்தார்கள் என ஜாபிர் இப்னு ஸமுரா (ரழி) அவர்கள் அறிவிப்பதை இமாம் அஹ்மத் பதிவு செய்துள்ளார்கள். அவ்வாறாயின், அதிகம் பேசாத ஒரு பிள்ளையைக் குறைபாடுடைய பிள்ளையாக நாம் ஏன் கருத வேண்டும்?

அப்துல்லாஹ் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நபியவர்கள் இவ்வுலகை விட்டுப் பிரிந்தபோது அவர்களுக்குச் சுமார் 13 வயதே ஆகியிருந்தது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. அதற்கு முன்னர் ஒருநாள், தமது சிறிய தாயாரும் நபியவர்களின் மனைவியுமான மைமூனா (ரழி) அவர்களின் இல்லத்தில் அச்சிறுவர் இரவு தங்கினார்கள். நபியவர்கள் நள்ளிரவில் விழித்ததையும், முகத்திலிருந்து தூக்கத்தைக் கையால் துடைத்ததையும், ஆலஇம்ரான் அத்தியாயத்தின் இறுதிப் பத்து வசனங்களை ஓதியதையும், தொங்கவிடப்பட்டிருந்த தோற்பையிலிருந்து நீரெடுத்து வுழூ செய்ததையும் அவர்கள் ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாம் கவனித்துக்கொண்டிருந்தது நபியவர்களுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்பதற்காக, அப்போதுதான் விழித்தவர்போல் சோம்பல் முறித்து எழுந்ததாகவும் ஓர் அறிவிப்பில் வந்துள்ளது. பின்னர் வுழூ செய்து, நபியவர்களின் இடப்புறமாக வந்து நின்றார்கள். "நீ ஏன் தூங்கவில்லை, எதற்காக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய்" என்று நபியவர்கள் அதட்டினார்களா? இல்லை. அச்சிறுவரைத் தமது வலப்புறம் கொண்டுவந்து நிறுத்தி, அன்போடு காதைப் பிடித்து, தம்மோடு சேர்த்துத் தொழுதார்கள்.

உம்மத்தின் இரவுத் தொழுகை பற்றிய சட்டங்கள் பலவற்றுக்கு அந்தச் சிறுவரின் விழிப்பான பார்வையே இன்றுவரை ஆதாரமாக விளங்குகிறது. பிற்காலத்தில் குர்ஆன் விரிவுரையாளர்களின் தலைவராக மதிக்கப்பட்ட அந்த மாமேதை, அன்று இருளில் மௌனமாகப் படுத்திருந்து பார்த்த ஒரு சிறுவர் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அன்பின் இளைஞர்களே, யுவதிகளே! நீர்க்கரையில் நின்று, அறிமுகமில்லாத மனிதர்களைத் தூரத்திலிருந்து அவதானித்த ஒருவரின் வரலாறு அல்குர்ஆனிலேயே இருக்கிறது. அவர் மூஸா (அலை) அவர்களின் சகோதரி. அவரின் பெயரைக் குர்ஆன் குறிப்பிடவில்லை. அவர் செய்ததைக் குறிப்பிடுகிறது. பிர்அவ்னின் கொலைக்கு அஞ்சி, தாய் தன் பச்சிளம் குழந்தையைப் பேழையில் வைத்து ஆற்றில் விடுகிறார். குழந்தையைப் பின்தொடர்ந்து செல்லுமாறு மகளிடம் கூறுகிறார். சூரத்துல் கஸஸின் 11ஆம் வசனம் கூறுவதுபோல், பிர்அவ்னின் ஆட்கள் உணராத வகையில் அவர் ஒரு புறமாக நின்று குழந்தையைக் கவனித்து வருகிறார்.

அவர் ஓடவில்லை, அழுது கூச்சலிடவில்லை, எதிரியின் ஆட்கள் யார், எங்கே செல்கிறார்கள், குழந்தைக்கு என்ன நேர்கிறது என்பதைப் பொறுமையாகப் பார்த்தார். செவிலியர் எவரிடமும் குழந்தை பால் அருந்த மறுப்பதை அறிந்ததும், பேச வேண்டிய அந்த ஒரு கணத்தில் பேசினார். இக்குழந்தையை நல்ல முறையில் பராமரிக்கக்கூடிய ஒரு குடும்பத்தை உங்களுக்குக் காட்டித் தரட்டுமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியின் மூலம், அல்லாஹ் குழந்தையைத் தாயின் மடியிலேயே திரும்பச் சேர்த்தான்.

இவ்வரலாற்றில் நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. அப்பார்வைக்கு ஒரு நோக்கம் இருந்தது. அது ஓர் உயிரின் பாதுகாப்பு. அப்பார்வைக்கு ஓர் ஒழுக்கம் இருந்தது. அது எவருக்கும் தீங்கிழைக்கவில்லை. அப்பார்வைக்கு ஒரு பலனும் இருந்தது. அது ஒரு தாயின் கண் குளிர்ந்தது. நீங்கள் கடற்கரையில் அமர்ந்து மனிதர்களைப் பார்க்கும்போது, உங்கள் பார்வையையும் இந்த அளவுகோலில் நிறுத்துப் பாருங்கள்.

பார்வையைப் பாழாக்கும் மூன்று விடயங்களைப் பற்றி இனிப் பார்ப்போம்.

முதலாவது, இச்சையின் பார்வை. வீதிகளில் அமர்வதைத் தவிர்ந்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கூறியபோது, அங்கு அமர்ந்து பேசிக்கொள்வதைத் தவிர தங்களுக்கு வேறு வழியில்லை என்று தோழர்கள் கூறினார்கள். அப்படியாயின் வீதிக்குரிய உரிமையை வழங்கிவிடுங்கள் என்று நபியவர்கள் பணித்தார்கள். பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராதிருப்பது, ஸலாமுக்குப் பதில் கூறுவது, நன்மையை ஏவுவது, தீமையைத் தடுப்பது ஆகியவையே அவ்வுரிமைகள் என விளக்கமும் அளித்தார்கள். அபூ ஸஈத் அல்குத்ரி (ரழி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. பொதுமக்கள் கூடும் கடற்கரைக்கும் இதே உரிமைகள் இருக்கின்றன. ஐந்து உரிமைகளில் முதலாவதாகச் சொல்லப்பட்டது பார்வையைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள்.

திடீரெனப் படும் பார்வையைப் பற்றி ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரழி) அவர்கள் வினவியபோது, பார்வையைத் திருப்பிக்கொள்ளுமாறு நபியவர்கள் கட்டளையிட்டார்கள். கண்ணில் தானாகப் பட்டதற்கு நீங்கள் குற்றவாளியல்ல. அதைத் தொடர்ந்து அனுப்பும் இரண்டாவது பார்வைக்கே நீங்கள் பொறுப்பாளி. காலிமுகத்திடலின் கடலோர நடைபாதை 1859இல் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் அவர்களின் காலத்தில் நிறைவு பெற்றது. கொழும்பிலுள்ள பெண்களினதும் பிள்ளைகளினதும் நலன் கருதி அதனைப் பேணுமாறு தமக்குப் பின் வருவோருக்கு அவர் பரிந்துரைத்த செய்தி அங்கே கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. முஸ்லிமல்லாத ஓர் ஆட்சியாளர் பெண்களும் பிள்ளைகளும் நிம்மதியாகக் காற்று வாங்க வேண்டும் என்று விட்டுச்சென்ற இடத்தில், ஒரு முஸ்லிம் இளைஞனின் பார்வையினால் ஒரு பெண் கூனிக்குறுகி எழுந்து செல்ல நேர்ந்தால், அது நம் மார்க்கத்திற்கே இழுக்கல்லவா?

இரண்டாவது, துருவும் பார்வை. பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராய்வதை சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் தடை செய்கிறது. நபியவர்களின் அறையைத் துவாரத்தின் வழியாக ஒருவர் எட்டிப் பார்த்தபோது நபியவர்கள் அவரை மிக வன்மையாகக் கண்டித்தார்கள். வீட்டினுள் நுழைய அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்றும் தெளிவுபடுத்தினார்கள். இன்று அந்தத் துவாரம் நம் ஒவ்வொருவரின் சட்டைப் பையிலும் இருக்கிறது. அதுதான் கைத்தொலைபேசியின் கமரா.

கடற்கரையில் ஒரு முதியவர் அலையில் தடுக்கி விழுகிறார். ஒரு குடும்பத்தில் கணவனும் மனைவியும் ஏதோ மனஸ்தாபத்தில் பேசிக்கொள்கிறார்கள். உடற்பருமனான ஒருவர் பிள்ளைகளோடு ஓடி விளையாடுகிறார். அதனைப் பகிடிக்காகப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவொன்றில் போட்டுவிட எத்தனை விநாடிகள் தேவை? அது எத்தனை கைகளுக்குப் போய்ச் சேரும் என்பதை அனுப்பியவரே அறியமாட்டார். திருப்பி அழைக்கவும் முடியாது. ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் இம்மையிலும் மறுமையிலும் மறைக்கிறான் என்பது முஸ்லிமில் பதிவான நபிமொழி. கண்ணால் கண்டதை மறைக்க வேண்டியவர், காணாத ஆயிரம் பேருக்கும் காட்டிக்கொடுப்பது எவ்வளவு பெரிய துரோகம்! அறியாதவர்களை, அவர்களின் அனுமதியின்றி, குறிப்பாகப் பெண்களையும் பிள்ளைகளையும் படம் பிடிக்காதீர்கள். அவதானிக்கும் சுபாவமுடைய பிள்ளைக்கு இந்தச் சோதனை ஏனையோரைவிடச் சற்று அதிகம். ஏனெனில், பிறர் காணாததை அப்பிள்ளை காண்கிறது.

மூன்றாவது, சந்தேகத்தினதும் இகழ்ச்சியினதும் பார்வை. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு தினத்தன்று, தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் அநியாயமாகப் பறிக்கப்பட்டன. அக்கொடுமையை வெறுத்த, அதில் எந்தப் பங்குமில்லாத நம் சமூகத்தின் தாய்மாரும் பிள்ளைகளும் அதன் பின்னர் பஸ் வண்டிகளிலும் கடைத்தெருக்களிலும் எத்தகைய பார்வைகளைத் தாங்கினார்கள் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். வாய் திறந்து ஒரு வார்த்தை பேசாமலே ஒரு பார்வை மனிதனைக் காயப்படுத்தும் என்பதை நாம் அனுபவத்தில் கண்டோம். அந்த வேதனையை அறிந்த நாம், வேறு நிறத்தவரையோ, வேறு மொழி பேசுபவரையோ, வேறு விதமாக உடுத்திருப்பவரையோ அதே கண்ணால் பார்க்கலாமா? மனிதர்கள் பல சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்று அதே ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம் கற்பிக்கிறது. அறிந்துகொள்வதற்காகப் பார்ப்பது வேறு. இகழ்வதற்காகப் பார்ப்பது வேறு.

அன்பின் இளைஞர்களே! இவற்றைத் தவிர்ந்துகொண்டால், அவதானிப்பதற்கு எதுதான் மீதமிருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். மிகச் சிறந்தது மீதமிருக்கிறது.

சூரத்துல் பகராவின் 273ஆம் வசனத்தில் அல்லாஹ் ஒரு சாராரைப் பற்றிப் பேசுகிறான். அவர்கள் வறியவர்கள். ஆனால் கையேந்த மாட்டார்கள். அவர்களின் சுயமரியாதையைக் கண்டு, நிலைமை அறியாதவர் அவர்களைச் செல்வந்தர்கள் என்றே எண்ணிக்கொள்வார். அவர்களின் அடையாளத்தைக் கொண்டுதான் அவர்களை அறிந்துகொள்ள முடியும் என்று அந்த வசனம் கூறுகிறது. அப்படியானால், கேட்காத ஏழையை எவர் கண்டுபிடிப்பார்? உரக்கச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பவரா? மௌனமாக இருந்து முகங்களை வாசிக்கத் தெரிந்தவரா?

அபூஹுரைரா (ரழி) அவர்கள் தமது பசிக் காலத்தை நினைவுகூரும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. பசி தாளாமல் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு பாதையோரத்தில் அமர்ந்திருந்தார்கள். பெருமக்கள் இருவர் அவ்வழியே வந்தார்கள். தமக்கு உணவளிக்கக் கூடும் என்ற எண்ணத்தில் ஒரு வசனத்தைப் பற்றி அவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் பதில் கூறிவிட்டுச் சென்றுவிட்டார்கள். அவர்கள்மீது குறை கூறுவதற்கல்ல இதைச் சொல்வது. கேட்கப்பட்ட கேள்விக்கு அவர்கள் பதில் அளித்தார்கள். பின்னர் நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். அபூஹுரைராவைக் கண்டதும் புன்னகைத்தார்கள். கேள்விக்கே இடமிருக்கவில்லை. உள்ளத்தில் உள்ளதையும் முகத்தில் உள்ளதையும் அறிந்துகொண்டு, வீட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். அங்கே ஒரு பாத்திரம் பால் இருந்தது. திண்ணைத் தோழர்கள் அனைவரையும் அழைத்து வரச் செய்து, அல்லாஹ்வின் பரகத்தினால் அனைவரும் வயிறாரக் குடித்த பின்னர், அபூஹுரைராவையும் இனி இடமில்லை என்று கூறும்வரை குடிக்கச் செய்து, எஞ்சியதைத் தாம் அருந்தினார்கள். முகத்தைப் பார்த்துப் பசியை அறிவது, நேயர்களே, ஒரு நபிவழி!

மூஸா (அலை) அவர்கள் மத்யன் நகரின் நீர்நிலைக்கு வந்தபோதும் இவ்வாறே நடந்தது. அவர்கள் அங்கே அந்நியர், பசித்தவர், தப்பி வந்தவர். கூட்டமாக இடையர்கள் தண்ணீர் புகட்டிக்கொண்டிருக்க, இரண்டு பெண்கள் தம் மந்தையைத் தடுத்தவாறு ஒதுங்கி நிற்பது அவர்களின் கண்ணில் பட்டது. ஒரு சிறு கேள்வி கேட்டார்கள். தந்தை முதியவர், இடையர்கள் விலகும்வரை தங்களால் நீர் புகட்ட முடியாது என்பதை அறிந்தார்கள். அவர்களுக்காக நீர் புகட்டிக் கொடுத்தார்கள். அதன் பின்னர் அங்கேயே நின்று பேச்சை வளர்க்கவில்லை, நன்றியை எதிர்பார்க்கவில்லை, நிழலுக்கு ஒதுங்கிச் சென்று அல்லாஹ்விடம் தம் தேவையை முறையிட்டார்கள். கண்டார்கள், கேட்டார்கள், உதவினார்கள், ஒதுங்கினார்கள். இந்த நான்கும் சேர்ந்ததே முஃமினின் அவதானம்.

அடுத்த முறை நீங்கள் கடற்கரைக்குச் செல்லும்போது பாருங்கள். மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு தாய், ஐஸ்கிரீம் வண்டியின் முன் நின்று கைப்பையில் சில்லறையை எண்ணிவிட்டு, இரண்டை மாத்திரம் வாங்குவதை நீங்கள் காணக் கூடும். மாலை முடியும் நேரமாகியும் தட்டில் பாதிக் கச்சான் விற்காமல் நிற்கும் வியாபாரியைக் காணக் கூடும். கரைவலை இழுத்து முடித்தவர்கள், கிடைத்த சொற்ப மீனைச் சுற்றிப் பேச்சின்றி நிற்பதைக் காணக் கூடும். ஒரு முதியவர் கடலை வெறித்துப் பார்த்தபடி தனியே நிற்பதைக் காணக் கூடும். 26.12.2004 ஞாயிறு காலை, கிண்ணியா முதல் நிந்தவூர் வரையும், தெற்கே அம்பாந்தோட்டையிலும் எத்தனையோ குடும்பங்களைச் சுனாமி கொண்டு சென்றது. இலங்கையில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த முதியவர் கடலில் யாரைத் தேடுகிறார் என்பதை நீங்கள் அறியமாட்டீர்கள். அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஸலாம் கூறுங்கள், அவர் வேற்று மதத்தவராயின் இன்முகம் காட்டுங்கள். உதவ முடிந்தால் உதவுங்கள். முடியாவிட்டால் அவருக்காக மனதுக்குள் துஆச் செய்யுங்கள்.

கண்ணியமிக்க பெற்றோர்களே! இப்போது உங்களிடம் வருகிறேன்.

கடலில் மூழ்குபவரைப் பற்றி நாம் ஒரு தவறான எண்ணம் கொண்டிருக்கிறோம். அவர் கைகளை வீசி உதவி கேட்டுக் கூச்சலிடுவார் என்று நினைக்கிறோம். உண்மையில் மூழ்குபவர் பெரும்பாலும் சத்தமிடுவதில்லை. மூச்செடுக்கவே போராடும் வாய்க்குக் கூப்பிட அவகாசம் கிடைப்பதில்லை. கரையில் நிற்பவர்கள் அவர் விளையாடுகிறார் என்றே எண்ணியிருக்க, அவர் மௌனமாகவே மூழ்கிவிடுகிறார். பிள்ளைகளின் உள்ளமும் சில வேளைகளில் அவ்வாறே மூழ்குகிறது.

மௌனம் சுபாவமாக இருந்தால் அது அருள். ஆனால் முன்னர் கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென மௌனமானால், உறக்கமும் உணவும் குறைந்தால், நண்பர்களையும் விருப்பமான விளையாட்டையும் கைவிட்டால், பாடசாலைக்கோ மத்ரஸாவுக்கோ செல்ல அஞ்சினால், வாழ்வதில் பயனில்லை என்பதுபோல் ஒரு சொல்லேனும் சொன்னால், அது வேறு மௌனம். அப்போது அதட்டாதீர்கள், அலட்சியம் செய்யாதீர்கள். எவராவது அப்பிள்ளையைத் துன்புறுத்தினார்களா என்று அன்போடு விசாரியுங்கள். அது உறவினராக இருந்தாலும், கற்றுக்கொடுப்பவராக இருந்தாலும், பிள்ளை சொல்வதை நம்பிக் கேளுங்கள். ஓதிப் பாருங்கள், துஆக் கேளுங்கள். அத்தோடு வைத்தியரிடமும் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே பணித்திருக்கிறார்கள். உள்ளத்தின் நோய்க்கு வைத்தியம் செய்வது ஈமானின் குறைவல்ல. நம் நாட்டில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கம் இதற்கென்றே இருக்கிறது.

எந்த மௌனம் எதுவென்று எப்படி அறிவது? அருகில் அமர்வதன் மூலம்தான். அனஸ் (ரழி) அவர்களின் தம்பி அபூ உமைர் ஒரு சிறு குருவியை வளர்த்தார். அது இறந்துவிட்டது. உம்மத்தின் தலைவர், ஓர் அரசின் ஆட்சியாளர், அந்தச் சிறுவரின் முகத்தில் கவலையைக் கண்டு காரணத்தை விசாரித்தார்கள். குருவிக்கு என்ன நேர்ந்தது என்று அவரின் பெயர் சொல்லி, அன்போடு கேட்டார்கள். ஒரு பிள்ளையின் குருவிக்காக நின்று பேச நபியவர்களுக்கு நேரமிருந்தது. நமக்கு நேரமில்லை என்று எப்படிக் கூறுவது?

ஆகவே, "ஏன் பேசாமல் இருக்கிறாய்?" என்று கேட்பதை இன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கேள்வி பிள்ளையின் வாயை இன்னும் இறுக மூடச் செய்யும். அதற்குப் பதிலாக, வீடு திரும்பும் வழியில், "இன்றைக்கு என்ன கண்டாய், மகன்?" "என்ன பார்த்தாய், மகள்?" என்று கேளுங்கள். பதில் வர நேரமெடுக்கும். பொறுத்திருங்கள். பதில் வந்தால், இடையில் குறுக்கிட்டுப் புத்தி சொல்லாமல் முழுமையாகக் கேளுங்கள்.

அவ்வாறு கேட்ட பெற்றோரால் என்ன நிகழும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. அதே 2004 டிசம்பர் 26ஆம் திகதி, தாய்லாந்தின் புக்கட் தீவிலுள்ள மய் காவ் கடற்கரையில், 10 வயதான டில்லி ஸ்மித் என்ற பிரித்தானியச் சிறுமி பெற்றோருடன் நடந்துகொண்டிருந்தாள். கடல் நீர் நுரைத்து, வழமைக்கு மாறாக நடந்துகொள்வதை அவள் அவதானித்தாள். இரண்டு வாரங்களுக்கு முன்னர் புவியியல் பாடத்தில் சுனாமியைப் பற்றிக் கற்றது அவளின் நினைவுக்கு வந்தது. பெற்றோரை எச்சரித்தாள். அவளின் தந்தை அதைச் சிறுபிள்ளைப் பேச்சு என்று தள்ளிவிடாமல் ஹோட்டல் பணியாளர்களிடம் எடுத்துரைத்தார். கடற்கரையிலிருந்து மக்கள் அப்புறப்படுத்தப்பட்டார்கள். பல உயிர்கள் தப்பின. பார்த்தது பிள்ளை, பிள்ளையின் வார்த்தைக்கு மதிப்பளித்தது தந்தை. இரண்டும் சேர்ந்தபோதே அங்கே உயிர்கள் காக்கப்பட்டன.

பெற்றோர்களே, இன்னுமொன்று. அவதானிக்கும் பிள்ளை அந்நியர்களை மாத்திரம் பார்ப்பதில்லை. எல்லோரையும்விட அதிகமாக உங்களையே பார்க்கிறது. கச்சான் விற்கும் சிறுவனிடம் பத்து ரூபாவுக்காக நீங்கள் குரல் உயர்த்துவதையும் பார்க்கிறது. சாப்பிட்ட பொதியை மணலில் வீசிவிட்டு எழுவதையும் பார்க்கிறது. மஃரிப் பாங்கு ஒலிக்கும்போது நீங்கள் எழுகிறீர்களா, பேச்சைத் தொடர்கிறீர்களா என்பதையும் பார்க்கிறது. அன்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்கள் மௌனமாகப் பார்த்தபோது, அவர்களின் கண்ணில் பட்டது ஓர் இறைத்தூதரின் இரவு வணக்கம். இன்று நம் பிள்ளை மௌனமாகப் பார்க்கும்போது அதன் கண்ணில் படுவது என்ன?

அன்பின் நேயர்களே! கேள்விப் புலன், பார்வை, உள்ளம் ஆகிய அனைத்தும் விசாரிக்கப்படும் என்று சூரத்துல் இஸ்ராவின் 36ஆம் வசனம் எச்சரிக்கிறது. கண்கள் செய்யும் துரோகத்தையும் உள்ளங்கள் மறைப்பதையும் அல்லாஹ் அறிகிறான் என்று சூரத்துல் காபிரின் 19ஆம் வசனம் கூறுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் நாமும் பார்க்கப்படுகிறோம் என்ற இந்த உணர்வுக்கே நம் மார்க்கத்தில் முராகபா என்று பெயர். இவ்வுணர்வோடு ஒரு பிள்ளை எங்கு அமர்ந்து எவரைப் பார்த்தாலும், அப்பார்வை யாருக்கும் பாரமாகாது.

இளைஞர்களே, உங்கள் மௌனத்தைப் பற்றி வெட்கப்படாதீர்கள். நல்லதைக் காணும் கண்ணையும், தேவைப்படும் கணத்தில் துணிந்து பேசும் நாவையும் அல்லாஹ்விடம் கேளுங்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பேசாவிட்டாலும் அதன் முகத்தை வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எமது கண்களைத் துரோகத்திலிருந்து தூய்மைப்படுத்துவாயாக! கேட்காத ஏழையையும், அழாத துன்பப்பட்டவரையும் கண்டுகொள்ளும் பார்வையை எமக்குத் தருவாயாக! எமது பிள்ளைகளை எமக்குக் கண்குளிர்ச்சியாகவும், எம்மை அவர்களுக்கு நிழலாகவும் ஆக்குவாயாக! கடலில் உறவுகளைப் பறிகொடுத்த உள்ளங்களுக்கு ஆறுதலை அருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.